முந்திக்கொண்ட பிளக்ஸ்

பிப்ரவரி 3, திங்கள்

பேட்டரி கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. ஜனவரி முழுக்க இதில் வந்துபோன பழைய வண்டிகளின் நம்பர்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. அதனால் என்னைப் பற்றி எழுதுகிறேன். ஈஸ்வரமூர்த்தி. அவிநாசியில் பழைய டூ வீலர் வாங்கி விற்கும் கன்சல்டிங். பிளஸ் டூ ஃபெயில் என்று சொல்வதைவிடப் பத்தாவது பாஸ் என்று சொல்வது மரியாதை என்று தெரிகிற அளவுக்குப் படிப்பு உண்டு.

மகள் இந்துஜா கோயம்புத்தூரில் பி.பி.ஏ. கடைசி வருஷம். லூமெரா என்ற பெங்களூர் கம்பெனியில் இன்டர்ன்ஷிப்புக்குப் போட்டி போடுகிறாள். சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு எல்லாம் செய்கிறவர்கள். இன்டர்ன்ஷிப் என்றால் என்ன என்று காலையில் பொறுமையாக விளக்கினாள். எனக்குப் புரிந்த வரைக்கும், வண்டி வாங்க வருகிறவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்பாரே, அதுதான். கம்பெனி நம் பிள்ளையை இரண்டு மாதம் ஓட்டிப் பார்க்கும். பிடித்திருந்தால் வேலையே கொடுத்துவிடும்.

"அப்ப பிரேக்கு, கிளட்செல்லாம் சரி பண்ணி வெக்கோணும் கண்ணு."

"அப்பா, இத என் பிரண்ட்ஸ் முன்னாடி சொல்லீறாதீங்க, சரிங்களா."

சாயங்காலம் அவள் வருவதற்குள் தண்ணீர் மோட்டாருக்குக் கெபாசிட்டர் மாற்றினேன். மோட்டார் இப்போது ஓடுகிறது. எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது என்று மனைவி சாந்தாமணி சொல்கிறாள்.

பிப்ரவரி 6, வியாழன்

தமிழ்நாட்டிலிருந்து கடைசி ஐந்து பேரில் இந்துஜா வந்துவிட்டாள். அவளோடு படிக்கிற ஷெரினும் வந்திருக்கிறது. ஐந்தில் ஒருத்தருக்குத்தான் இடம். வருகிற 21ஆம் தேதி கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் கம்பெனிக்காரர்கள் முன்னால் பேச வேண்டும். சின்ன ஊரில் புதிதாக ஒரு சலவைத்தூளை எப்படி விற்பீர்கள் என்பது கேள்வி.

"சோப்புத் தூளத் தண்ணியில போட்டா நொரை வரோணும், வித்துரும்" என்றேன். அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேறு ஏதோ விதிமுறைகள் எல்லாம் சொன்னாள். முடிவு வருகிற வரைக்கும் என்னவோ செய்யக்கூடாது என்று. அப்போது குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் ரங்கராசு டீக்கடையில் "கடைசி அஞ்சு பேர்ல வந்திருக்குதுங்க" என்றேன். ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லும்போது "கிட்டத்தட்ட ஆயிருச்சு" என்று வந்தது. மத்தியானம் ஆர்.சி. புக் வாங்கப் போன இடத்தில் "ஆயிருச்சுங்க". பொய் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் வாய் கொஞ்சம் குறுக்கு வழியில் போய்விட்டது, அவ்வளவுதான்.

கதிரின் பிளக்ஸ் கடைக்குச் சும்மா போய்விட்டு வந்தேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டு எதிரே, நம் கடைக்குப் பக்கத்தில், ஒரு பிளக்ஸ். ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள் அன்பின் மிகுதியால் வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. "பன்னாட்டு நிறுவனமான லூமெராவில் தேர்வாகி அவிநாசிக்குப் பெருமை சேர்த்த எங்கள் தங்க மகள் இந்துஜாவை வாழ்த்தி மகிழ்கிறோம்" என்று போட்டிருக்கிறது. சித்தப்பா மகள் கல்யாணத்தில் பாவாடை தாவணியோடு எடுத்த படம். தாமரைப் பூவுக்குள் நிற்கிற மாதிரி கதிர் செய்திருக்கிறான். கீழே வாழ்த்துவோர் வரிசையில் ரங்கராசு, ஆட்டோக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சிரிக்கிறார்கள். நடுவில் நான். மீசை நன்றாக வந்திருக்கிறது. இரண்டு படத்தில் இரண்டாவதைப் போடச் சொன்னது, யார் சொன்னார்களோ, சரியான முடிவு.

இந்துஜா ஷெரின் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். நாளைக்குச் சாயங்காலம் வந்து பார்த்தால் ஆச்சரியப்படுவாள்.

பிப்ரவரி 10, திங்கள்

ஆச்சரியப்படுவதற்குச் சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கவில்லை.

பிளக்ஸை யாரோ போனில் எடுத்து, அது ஊர் குரூப், சொந்தக்காரர் குரூப் என்று போய், கோயம்புத்தூர் போய், கம்பெனிக்கே போய்விட்டது. காலேஜில் வேலைவாய்ப்பைப் பார்க்கிற உமா மேடம் போன் செய்தார்.

"சார், முடிவு வர்ற வரைக்கும் கம்பெனி பேரை வெளியில போடக்கூடாதுன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டுருக்காங்க. உங்க பொண்ணை மட்டுமில்ல, எங்க காலேஜையே போட்டியிலிருந்து எடுத்துரலாமான்னு கம்பெனியில கேக்கறாங்க. செலக்ட் ஆயிட்டான்னு உங்ககிட்ட யார் சார் சொன்னது?"

குக்கர் விசிலைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை.

அடுத்த போன் சேவூரிலிருந்து சென்னியப்பன் மச்சான். சாந்தாமணியின் அண்ணன், மளிகைக் கடை வைத்திருக்கிறார்.

"மாப்ள, ரங்கராசு உங்க புள்ளைக்கு என்னுங்க மொறை?"

"ஒண்ணுமில்லீங்க மச்சான்."

"அவன் மூஞ்சி பிளக்ஸுல இருக்குது. தாய்மாமன் நானு, என்ற மூஞ்சி எங்கீங்க?"

மச்சானுடைய படம் என் போனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் பழனியில் மொட்டை போட்டபோது எடுத்தது. அதைப் போட்டிருந்தால் இன்னும் அதிகமாகக் கோபித்திருப்பார். இதை நான் விளக்குவதற்குள் போனை வைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னவன் இதை எப்படி விளக்குவது என்பது வேறு விஷயம்.

சாந்தாமணி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏனுங்க, எங்க அண்ணனுக்கு எடமில்லாம, ஆட்டோ ஓட்றவரோட நாய்க்குட்டிக்கு எடம் இருந்துச்சா?" நாய்க்குட்டி அந்த ஆட்டோக்காரர் குழந்தையின் கையில் இருந்தது. வெட்ட முடியாது என்று கதிர் சொல்லிவிட்டான்.

இந்துஜா வந்தாள். நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சாயங்காலம் ஏணி எடுத்துக்கொண்டு பிளக்ஸைக் கழற்றப் போனேன். ஒரு பக்கம் கயிறு அவிழ்த்திருக்கும்போது காலேஜ் பஸ்ஸிலிருந்து இந்துஜாவும் ஷெரினும் இறங்கினார்கள். ஷெரின் கோயம்புத்தூர்ப் பெண். என்னைத் திட்டுவதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறது.

"அங்கிள், கழட்டாதீங்க. எங்க ரெண்டு பேர் படத்தையும் போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு மாத்தி அடிச்சிருங்க. செலவு மிச்சம்."

"மன்னிச்சுக்க சாமி."

"மன்னிச்சா எனக்கு லூமெராவுல சீட்டுக் குடுப்பீங்களா?"

அடுத்த முடிச்சில் கை வைத்தேன். அதற்குள் கீழே நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா தலையைத் தூக்கிப் பார்த்து, "ஏனுங்க, நம்ம புள்ளைக்குச் சீருங்களா? எப்பங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?" என்றது. என் மகளுக்கு வயது இருபது. வயதுக்கு வந்த சீர் என்றைக்கோ முடிந்துவிட்டது. ஆனால் தாவணியும் தாமரையும் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இன்னொருத்தர், "ஆட்டோக்காரன் பொண்ணு என்னமா வளந்துருச்சு பாருங்க" என்று கீழ் வரிசையைக் காட்டினார். "சென்னியப்பன் படத்தக் காணமே, மாமன் மச்சானுக்குள்ள சண்டைங்களா?" என்று ஒரு விசாரணை.

இந்துஜா அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு பாத்தீங்களாங்க?"

"எழுத்த எவன் சாமி பாக்கறான். யாரு யாரு இருக்கறாங்கன்னுதான் பாப்பம்."

இந்துஜா ஷெரினைப் பார்த்தாள். ஷெரின், "என்னடி?" என்றது. இந்துஜா ஏணிக்குப் பக்கத்தில் வந்தாள். என்னைப் பார்த்து, இரண்டு நாளில் முதல் தடவையாக, "அப்பா, சித்த நேரம் அந்தக் கயித்தப் புடிங்க. கழட்டாதீங்க" என்றாள்.

கம்பெனி பேர் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டச் சொன்னாள். ஒட்டிவிட்டு, பிளக்ஸை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் நின்றேன். நிற்கிறவர்களிடம் எல்லாம் அவள் என்னவோ கேட்டுக்கொண்டே இருந்தாள். கை மரத்துவிட்டது. கேட்கத் தைரியம் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

கரண்டு பில் கட்டினேன். இந்துஜா என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள். பேசவில்லை. ஆனால் வைத்தாள்.

பிப்ரவரி 13, வியாழன்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு வண்டி பார்க்கப் போனேன். வண்டி சரியில்லை. நாள் முழுக்கப் போய்விட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறது. காலேஜை நீக்கவில்லை. இருவரும் 21ஆம் தேதி பேசலாம். ஆனால் இந்துஜாவை நீக்குவதா வேண்டாமா என்பதை அவள் பேசி முடித்த பிறகுதான் முடிவு செய்வார்களாம்.

சாயங்காலம் இந்துஜா கடைக்கு வந்து, விற்பதற்கு நிற்கிற ஸ்கூட்டர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"நேத்து காலேஜுக்கு வந்தீங்களாமா."

"பக்கத்துல ஒரு வண்டி பாக்க."

"உமா மேடம் ரூம் வாசல்ல மத்தியானம் வரைக்கும் நின்னீங்களாமா. உள்ள கூப்பிட்டதும், எல்லாம் நாந்தான், புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது, வேணும்னா கம்பெனிக்காரங்க கால்லயும் உழுகறேன்னு சொன்னீங்களாமா."

"அந்தம்மா கொஞ்சம் கூட்டிச் சொல்லுது."

"கம்பெனிக்கு எழுதறப்ப அத அப்படியே எழுதிட்டாங்களாம்." கொஞ்ச நேரம் ஹார்னை அழுத்திப் பார்த்தாள். ஹார்ன் வேலை செய்யவில்லை. "நாளைக்கு வேலை இருக்குதுங்களா? சுத்தியிருக்கற ஊரெல்லாம் போகோணும்."

எனக்கு என்ன வேலை.

பிப்ரவரி 16, ஞாயிறு

இரண்டு நாளாகச் சுற்றுகிறோம். கருமத்தம்பட்டி, பெருமாநல்லூர், புளியம்பட்டி. எங்கே பிளக்ஸ் இருந்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்கிறாள். காதுகுத்து, கிரகப்பிரவேசம், அஞ்சலி. நிற்கிறவர்களிடம் போய் என்ன பார்த்தீர்கள், யாரைத் தேடினீர்கள், யாருக்குப் படம் எடுத்து அனுப்பினீர்கள் என்று கேட்கிறாள். பக்கத்திலேயே நடிகை சிரிக்கிற சோப்பு விளம்பரம் பெரிதாக இருக்கும். அதைப் பற்றியும் கேட்பாள். அதை யாரும் பார்த்ததாகவே தெரியவில்லை.

பெருமாநல்லூரில் ஒருத்தர் என்னைக் கூர்ந்து பார்த்து, "உங்கள பிளக்ஸுல பாத்திருக்கறனுங்க" என்றார். மீசையைத் தடவிக்கொண்டேன். இந்துஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சேவூர் போனோம். மச்சான் என்னைப் பார்த்ததும் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். இந்துஜா நேராகப் போய்க் கல்லாப்பெட்டி பக்கத்தில் நின்றாள்.

"மாமா, உங்களுக்குன்னு தனியா ஒரு பிளக்ஸ் போடோணும். உங்க கடையில சலவைத்தூள் கெடைக்கும்னு. நீங்க பெருசா நடுவுல, அத்தை, பசங்க, கடையில நிக்கறவங்க எல்லாரும் கீழ வரிசையில. கம்பெனி பேரு கெடையாது. ரோசனை பண்ணிச் சொல்லுங்க."

"ரோசனை எதுக்கு கண்ணு. உங்கப்பன் அதுல இருக்கக்கூடாது."

"இருக்க மாட்டாரு மாமா."

"அப்பச் சரி. படம் எடுக்கறதுக்கு வேட்டி மாத்தீட்டு வாறேன்."

எனக்கு ஒரு டீ கூடக் கொடுக்கவில்லை. நியாயம்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

மச்சான் கடை பிளக்ஸைப் பார்க்க அவர் சம்பந்தி வீட்டார் திருப்பூரிலிருந்தே வந்துவிட்டார்களாம். வந்தவர்கள் சும்மா போக முடியாமல் ஆளுக்கொரு பாக்கெட் சலவைத்தூள் வாங்கியிருக்கிறார்கள். கடையில் சலவைத்தூள் தீர்ந்துவிட்டது. மச்சான் போன் செய்து, என்னிடம் இல்லை, இந்துஜாவிடம், "இன்னும் பெரிய சைஸுல அடிக்கலாமா கண்ணு" என்று கேட்டிருக்கிறார்.

நாளைக்குப் போட வேண்டிய சட்டையை அவளே தேய்த்துக்கொண்டாள். நான் கேட்டேன், தரவில்லை. அவள் பத்தாவது படிக்கும்போது யூனிபாரத்தில் தோசைக்கல் மாதிரி ஒரு கருப்பு வட்டம் போட்டவன் நான்.

பிப்ரவரி 21, வெள்ளி

வரக்கூடாது என்று சொல்லியிருந்தாள். அந்த ஓட்டலுக்கு எதிரே இருக்கிற பேக்கரியில் எனக்கு வேறு வேலை இருந்தது.

ஷெரின் முதலில் வெளியே வந்தது. ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம்.

"உங்க மீசை அந்தப் பக்கத்துலயே தெரியுது அங்கிள்."

"எப்படிப் போச்சு சாமி?"

"எனக்கு நல்லாப் போச்சு. போன்ல வர்ற சின்னச் சின்ன வீடியோ வெச்சு பண்ணியிருந்தேன். பாராட்டுனாங்க." ஒரு பப்ஸை எடுத்துக் கடித்தது. "அவளுக்கு எப்படின்னு தெரியல. கதவு சாத்தியிருக்கு. உள்ள ஒரே சிரிப்புச் சத்தம். அது நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பான்னு கதவுக்கு வெளிய தெரியல."

இந்துஜா வரும்போது எனக்கு நாலாவது டீ. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவே இல்லை. உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

"மொதக் கேள்வியே பிளக்ஸுதாம்ப்பா. இத யார் போட்டதுன்னு கேட்டாங்க. எங்கப்பான்னு சொன்னேன். தப்புன்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும், ஆனா இந்தத் தப்பு ஒரே நாள்ல உங்க ஆபீஸ் வரைக்கும் எப்படி வந்து சேந்துச்சு, அதத்தான் இப்பச் சொல்லப் போறேன்னேன். மொதப் படமாவே அந்த பிளக்ஸப் போட்டேன்."

"என்ற படத்தோடயா?"

"உங்க படத்தோடதான். எழுத்த யாரும் படிக்கறதில்ல, தெரிஞ்ச மூஞ்சியத்தான் தேடறாங்க. மூஞ்சி இருக்கறவங்க ஊருக்கெல்லாம் அனுப்பறாங்க, இல்லாதவங்க சண்டைக்கு வர்றாங்க, சண்டையும் விளம்பரந்தான்னு சொன்னேன். நடிகைக்குக் குடுக்கறதக் கடைக்காரங்க மூஞ்சிக்குக் குடுங்கன்னேன். மாமா கடையக் காட்டுனேன். நாய்க்குட்டியப் பத்தியும் கேட்டாங்க."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணுமில்ல. நன்றின்னாங்க. வந்துட்டேன்." டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "விதிமுறைய மீறுனது மீறுனதுதானேப்பா. அதுக்காக எடுத்துட்டாங்கன்னா, நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

மூன்று பேரும் பப்ஸ் தின்றோம்.

பிப்ரவரி 24, திங்கள்

ஒன்றும் வரவில்லை. ஒரு வண்டி விற்றது. வாங்கியவர் ஓட்டிப் பார்த்துவிட்டு வர நேரமானது. அவருடைய அப்பா கடையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 27, வியாழன்

மத்தியானம் போன் வந்தது. இந்துஜாவுக்குத்தான்.

அவள் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு "யெஸ் மேம், யெஸ் மேம்" என்று சொல்லிச் சொல்லி என் லுங்கிக்கு ஆறு கிளிப் போட்டுவிட்டாள். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டாள். சாந்தாமணி ஓடிப்போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் மீதித் துணியைக் காயப்போட்டேன். எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. கண்ணாடியின் பவரை மாற்ற வேண்டும்.

இடம் அவளுக்குத்தான், பிளக்ஸ் தப்பை அப்பா கணக்கில் எழுதிவிட்டார்களாம். ஏப்ரலில் பெங்களூர். சென்னையிலிருந்து வந்திருந்த பெரிய காலேஜ் பிள்ளைகளை எல்லாம் தாண்டி, அவிநாசி டூ வீலர் கன்சல்டிங் பொண்ணு.

கம்பெனி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத்தான் அறிவிக்கும். அதுவரை மூச்சு விடக்கூடாது. இந்தத் தடவை குக்கர் விசில் இல்லை. இந்துஜா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, உசிரே போனாலும் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன் சாமி."

"குறிப்பா ரங்கராசு அண்ணன்கிட்ட."

பிப்ரவரி 28, வெள்ளி

டீக்கடைக்குப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். ரங்கராசு, "என்னுங்க, புள்ளையோட சமாச்சாரம் ஏதாச்சும் வந்துச்சா?" என்றார். "வரும், பாக்கலாமுங்க" என்றேன். அந்த இரண்டு வார்த்தை சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. வடையைச் சர்க்கரை டப்பாவில் தொட்டுத் தின்றேன்.

மார்ச் 1, சனி

ஷெரின் வீட்டுக்கு வந்தது. அதற்கு இடம் இல்லை என்று நேற்றே மெயில் வந்துவிட்டதாம். நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"நேத்தே அழுதுட்டேன் அங்கிள், அது முடிஞ்சுது. இப்பப் பசிக்குது." சாந்தாமணி கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, "இவ ஜெயிச்சது எனக்கு வயித்தெரிச்சல்தான். ஆனா இவளத் தவிர வேற யாரு ஜெயிச்சிருந்தாலும் இன்னும் எரிஞ்சிருக்கும்" என்றது. இந்துஜா அதன் தோளில் சாய்ந்துகொண்டாள். நல்ல பிள்ளை. அதற்கும் நல்ல கம்பெனி ஒன்று கிடைக்கும். கிடைத்தால் பிளக்ஸ் என் செலவு என்று சொன்னேன். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

மார்ச் 2, ஞாயிறு

ஒரு கல்யாண ரிசப்ஷன். ஊரே வந்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போலவே இருந்தது. ஒருத்தரிடமும் பேசாமல் இரண்டு பந்தி சாப்பிட்டேன். வாயில் ஏதாவது இருந்தால் வார்த்தை வராது.

மார்ச் 3, திங்கள்

ஒன்பதே முக்காலுக்கே டீக்கடைக்குப் போய், கடிகாரத்துக்கு நேராக உட்கார்ந்தேன். பத்து அடித்தது. எழுந்து, தொண்டையைச் செருமி, "ஒரு சமாச்சாரமுங்க" என்றேன்.

ரங்கராசு மேஜைக்கு அடியிலிருந்து ஒரு லட்டு டப்பாவை எடுத்து வைத்தார். ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க உள்ளே வந்தது. கடைசியாக, சேவூரில் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்த சென்னியப்பன் மச்சான், புது வேட்டி கட்டிக்கொண்டு.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"சாந்தாமணி வியாழக்கெழமையே எங்கிட்டச் சொல்லிருச்சு மாப்ள. நான் எல்லார்கிட்டயும் சொல்லீட்டேன்."

"இந்துஜாவுக்குத் தெரிஞ்சா..."

"அதுக்கும் தெரியும். எழுதறது, போட்டோ அனுப்பறது எதுவும் வேண்டாம், மீறுனா இனி எந்த பிளக்ஸுலயும் உங்க மூஞ்சி வராதுன்னு சொல்லிருச்சு. ஒருத்தனும் மூச்சு விடல. உங்ககிட்ட மட்டும் காட்டிக்க வேண்டாம், அப்பா எவ்வளவு நாள் தாங்கறாருன்னு பாக்கோணும்னுச்சு."

நான் ரங்கராசைப் பார்த்தேன். அந்த ஆள் டீ ஆற்றிக்கொண்டே, கொஞ்சமும் இரக்கம் இல்லாமல் சொன்னார்.

"நாங்க சொல்லி என்னுங்க ஆகப்போகுது. நாலு நாளா வாயக் கட்டீட்டு இங்க உக்காந்திருந்தீங்களே, அந்த மூஞ்சியப் பாத்தே ரோட்டுல போறவனெல்லாம் உங்க புள்ள ஜெயிச்சுருச்சான்னு கேட்டுட்டுப் போனானுங்க. அதவிடப் பெரிய பிளக்ஸு எந்தக் கடையிலீங்க அடிக்க முடியும்?"

மச்சான் எனக்கு ஒரு லட்டை ஊட்டிவிட்டார். வாயில் லட்டு இருந்தாலும் பேச முடியும் என்பது அப்போது தெரிந்தது. எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும், எத்தனை பேர் விண்ணப்பம் போட்டார்கள் என்பதிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.